வளைந்த சுவருக்குள் வெற்றிட ஆற்றல்: கோளத்தை வைத்துக் கணக்கைத் தொடங்குவது எப்படி?

இரண்டு இணையான உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால், இடையில் எதுவும் இல்லாவிட்டாலும் அவை ஒன்றையொன்று இழுக்கும். நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த ஹென்ட்ரிக் காசிமிர் 1948-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தகடுகளுக்கான கணக்கு பல பாடநூல்களில் கிடைக்கும். ஒரு மாலையில் முடித்துவிடலாம். சுவர் வளைந்தவுடன்தான் சிக்கல் தொடங்குகிறது. வெற்றிட ஆற்றல் என்பது புலத்தின் எல்லா அதிர்வுப் பாங்குகளின் பூஜ்ய நிலை ஆற்றல்களையும் கூட்டியது; அந்தக் கூட்டுத்தொகை புதுப்புது இடங்களில் முடிவிலியாகும், விடையின் குறி கூட நம் ஊகத்துக்கு மாறாக வரும்.

குறி மாறிய கதை பிரபலமானது. 1953-ல் காசிமிர் ஒரு யோசனை சொன்னார். எலக்ட்ரானை மின்னூட்டம் பெற்ற ஒரு சிறு கோள ஓடாக நினைத்துக்கொள்வோம். மின்விலக்கு அதை விரிக்கப் பார்க்கும், தகடுகளை இழுக்கும் அதே வெற்றிட ஆற்றல் அதைச் சுருக்கப் பார்க்கும். இரண்டும் சமநிலைக்கு வந்தால், மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் எண்ணான நுண்கட்டமைப்பு மாறிலியே கணக்கிலிருந்து கிடைத்துவிடும். அழகான யோசனைதான். ஆனால் 1968-ல் டிமோத்தி பாயர் கோளத்துக்கான கணக்கை முழுமையாகச் செய்தபோது ஆற்றல் நேர்க்குறியோடு வந்தது. அதாவது வெற்றிடமும் ஓட்டை விரிக்கவே பார்க்கிறது. எலக்ட்ரான் மாதிரி அத்தோடு முடிந்தது.

இந்தக் கட்டுரையில் எளிய வளைந்த எல்லை ஒன்றை எடுத்து, கையில் ஓர் எண் வரும் வரை போகலாம். ஒத்திசை அலையியற்றியின் பூஜ்ய நிலை ஆற்றல், பெஸ்ஸல் சார்புகள், சிக்கலெண் தளத்தில் தொகையிடுவது ஆகிய மூன்றும் ஓரளவு பழக்கமாக இருந்தால் போதும். குவாண்டம் புலக் கோட்பாட்டை முழுவதும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

குறியீடுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ர என்பது கோளத்தின் ஆரம். ல என்பது 0, 1, 2 என்று போகும் கோண எண். ந = ல + ½. மட( ) இயல் மடக்கை, படி( ) படிக்குறிச் சார்பு. சுருக்கிய பிளாங்க் மாறிலியையும் ஒளிவேகத்தையும் 1 என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் அவற்றின் பெருக்கலான 197.327 எலக்ட்ரான்வோல்ட்-நானோமீட்டரைத் திரும்பப் போட்டால் உண்மையான அலகு வந்துவிடும்.

படி 1: கேள்வியை முழுதாக எழுதுங்கள்

"கோளத்தின் வெற்றிட ஆற்றல் என்ன?" என்பது கேள்வியே அல்ல. எந்தப் புலம்? சுவரில் எந்த எல்லை நிபந்தனை? கோளத்தின் உள்ளே மட்டுமா, வெளியையும் சேர்த்தா? இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் விடை மாறும். இணையத்தில் கிடைக்கும் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புகிறவர்களில் பலர் வெவ்வேறு கேள்விகளின் விடைகளைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

நாம் எடுக்கப்போவது: நிறை இல்லாத ஸ்கேலார் புலம் (ஒவ்வொரு புள்ளியிலும் திசையில்லாத ஓர் எண் மட்டும்), மெல்லிய கோள ஓடு, ஓட்டின் மேல் புலம் பூஜ்யம் (டிரிஷ்லே நிபந்தனை), உள்ளும் வெளியும் சேர்த்து.

இப்போதே ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது. நிறை இல்லாததால் இந்தக் கணக்கில் நீளம் என்று இருப்பது ர மட்டும்தான். ஆகவே முடிவுள்ள விடை வந்தால் அது "ஓர் எண் ÷ ர" என்ற வடிவில்தான் இருக்க முடியும். மிச்ச வேலை எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்காகத்தான்.

படி 2: ஒரு பரிமாணத்தில் கையைப் பழக்குங்கள்

நீளம் ர உள்ள ஒரு கோடு, இரு முனையிலும் புலம் பூஜ்யம். அதிர்வெண்கள் π/ர, 2π/ர, 3π/ர என்று போகும். ஒவ்வோர் அதிர்வுப் பாங்கும் தன் அதிர்வெண்ணில் பாதியை ஆற்றலாகத் தருகிறது. மொத்தம் (π/2ர) × (1 + 2 + 3 + …). அந்த முடிவிலிக் கூட்டுத்தொகைக்கு ரீமான் ஸீட்டா சார்பு தரும் மதிப்பு −1/12. ஆக ஆற்றல் −π/24ர.

இதே விடையை வேறு வழியிலும் எடுங்கள், அதுதான் கோளத்துக்கு உதவும். அதிர்வெண்களை ஒவ்வொன்றாகக் கூட்டாமல், அந்த அதிர்வெண்களில் பூஜ்யமாகும் ஒரு சார்பை எடுத்து, சிக்கலெண் தளத்தில் தொகையீட்டுப் பாதையைக் கற்பனை அச்சுக்குத் திருப்பினால் கிடைப்பது:

ஆற்றல் = (1/2πர) × [ மட(1 − படி(−2ய)) என்பதை ய = 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டது ]

ய என்பது கற்பனை அதிர்வெண்ணை ர-ஆல் (இங்கே கோட்டின் நீளம், கோளத்தில் ஆரம்) பெருக்கியது. அடைப்புக்குள் இருப்பதன் மதிப்பு −π²/12. மறுபடியும் −π/24ர. மெய் அச்சில் தாறுமாறாக ஆடும் சார்பு கற்பனை அச்சில் வழவழப்பாக இறங்கிப் போவதைக் கவனியுங்கள். கணினிக்கும் இதுதான் பிடிக்கும்.

படி 3: கோளத்தின் பாங்குகள்

கோள ஆயங்களில் அலைச் சமன்பாட்டைப் பிரித்தால், ஒவ்வொரு ல-வுக்கும் ஆரத் திசையில் ஒரு பெஸ்ஸல் சமன்பாடு கிடைக்கும். ஒவ்வோர் அதிர்வெண்ணும் (2ல + 1) முறை திரும்ப வரும். கற்பனை அச்சுக்குப் போனதும் சாதாரண பெஸ்ஸல் சார்புகள் திருத்திய பெஸ்ஸல் சார்புகளாகின்றன. உள்ளே மையத்தில் ஒழுங்காக இருக்கும், வெளிநோக்கி வளரும் முதல் வகையை வ என்போம். வெளியே தூரத்தில் தேய்ந்துபோகும் இரண்டாம் வகையை த என்போம். இரண்டுக்கும் வரிசை எண் ந.

உள்ளுக்கு வ, வெளிக்கு த. இரண்டையும் சேர்த்தால் மடக்கைக்குள் பெருக்கல்:

ஆற்றல் = (1/2πர) × எல்லா ல-வுக்கும் கூட்டு: (2ல + 1) × [ மட(2ந · வ · த) என்பதை ய = 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டது ]

2ந என்ற மாறிலி அளவைச் சரிசெய்வதற்காகப் போட்டது. ய பூஜ்யமாகும்போது 2ந·வ·த சரியாக 1 ஆகும், எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வடிவத்தில் ஒவ்வொரு தொகையீடும் முடிவிலி, அவற்றின் கூட்டுத்தொகையும் முடிவிலி. பயப்பட வேண்டாம்.

படி 4: முடிவிலியைப் பிரித்தெடுப்பது

முழுக் கணக்கும் இந்த இடத்தில்தான் நிற்கிறது, நிதானமாகப் போகலாம்.

ந பெரிதாகும்போது வ, த இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு டெபை விரிவு என்று ஒன்று உண்டு. ய-ஐ ந-ஆல் வகுத்து, ட = 1/√(1 + (ய/ந)²) என்று வையுங்கள். அப்போது

மட(2ந·வ·த) ≈ மட ட + (ட² − 6ட⁴ + 5ட⁶)/8ந² + (13ட⁴ − 284ட⁶ + 1062ட⁸ − 1356ட¹⁰ + 565ட¹²)/64ந⁴ + …

வலது பக்கத்தில் ந-வின் இரட்டைப்படை அடுக்குகள் மட்டுமே இருக்கின்றன. வ-வை மட்டும் விரித்தால் 1/ந, 1/ந³ என்ற ஒற்றைப்படை அடுக்குகளும் வரும். த-வை விரித்தால் அதே உறுப்புகள் எதிர்க்குறியோடு வரும். உள்ளையும் வெளியையும் சேர்த்ததால் அவை அடிபட்டுப் போயின. இதை மனதில் வையுங்கள், படி 7-ல் தேவைப்படும்.

முடிவிலிக்குக் காரணம் முதல் இரண்டு உறுப்புகள்தான். அவற்றை மூலச் சார்பிலிருந்து கழித்துவிட்டுத் தனியாகக் கூட்டலாம்.

முதல் உறுப்பு, ந² என்பதை எல்லா ல-வுக்கும் கூட்டச் சொல்கிறது. ந ½-ல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுவதால் இது ஹர்விட்ஸ் ஸீட்டா சார்பு. அதன் மதிப்பு இங்கே பூஜ்யம். இரண்டாவது உறுப்பில் ட-வின் அடுக்குகளைத் தொகையிட்டால் −π/16 என்று முடிவுள்ள எண் வருகிறது. அதோடு சேர்ந்து நிற்பது 1 + 1 + 1 + … என்ற கூட்டுத்தொகை. ½-ல் தொடங்கும் ஸீட்டாவில் அதற்கும் மதிப்பு பூஜ்யம்.

ஆக, கழித்த இரண்டுமே திரும்பி வரும்போது பூஜ்யம். மிச்சம் இருப்பது நன்றாகக் குவியும் கூட்டுத்தொகை.

இங்கே என் கருத்து ஒன்று. ஸீட்டா முறை வேகமானது, ஆனால் எதைத் தூக்கிப் போட்டது என்று சொல்லாமலேயே போடும். ஒருமுறையாவது இதே கணக்கைப் படிக்குறி வெட்டு ஒன்றை (உயர் அதிர்வெண்களைத் தேய்த்துவிடும் காரணி) போட்டுச் செய்துபாருங்கள். அப்போது கோளத்தின் பரப்பளவுக்கு விகிதமாக ஒரு முடிவிலி உறுப்பு நிற்பது கண்ணுக்குத் தெரியும். ஹெர்மன் வைல் 1911-ல் காட்டிய பாங்குகளின் எண்ணிக்கை விதியில் கன அளவு உறுப்புக்கு அடுத்து வரும் பரப்பு உறுப்புதான் அதன் மூலம். டிரிஷ்லே சுவரில் உள்ளும் வெளியும் அதற்கு ஒரே குறியில் பங்களிக்கின்றன. அதனால் அது அடிபடாது. சுவர் எந்தப் பொருளாலானது என்பதோடு சேர்ந்தது அது என்று சொல்லி ஒதுக்குகிறோம். ஒதுக்குவது நியாயமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

படி 5: ல = 0-ஐக் கையால் போடுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ல = 0 என்றால் ந = ½, அப்போது பெஸ்ஸல் சார்புகள் எளிய சார்புகளாகிவிடும்:

வ · த = (1 − படி(−2ய)) / 2ய

முதல் உறுப்பான மட ட-வைக் கழித்துத் தொகையிட்டால் −π²/12 + π/4 வரும். இரண்டாம் உறுப்பு ல = 0-க்கு −π/64; அதையும் கழித்தால் +π/64 சேரும். 2π-ஆல் வகுத்தால் ல = 0 தரும் பங்கு:

(1/8 + 1/128 − π/24) ÷ ர = 0.001913 ÷ ர

அந்த −π/24 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? படி 2-ல் பார்த்த கோட்டின் விடைதான். கோளத்தில் கோணத்தைச் சாராத பாங்குகள் ஆரத் திசையில் வெறும் கோடு போலத்தான் அதிர்கின்றன. மற்ற இரண்டு பின்னங்கள் கழித்தலால் வந்தவை. மூன்று எண்களில் பெரியவை எல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட்டு, ஆயிரத்தில் இரண்டு அளவில் ஒரு மிச்சம் நிற்கிறது. விடை ஏன் இத்தனை சிறியது, குறியை ஊகிப்பது ஏன் வீண் வேலை என்பதெல்லாம் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

படி 6: மற்ற ல-க்கள்

ல = 1 முதல் மேலே, விரிவின் மூன்றாம் உறுப்பே நல்ல தோராயம். அதில் ட-வின் அடுக்குகளைத் தொகையிட்டு ஒழுங்குபடுத்தினால் ஒவ்வொரு ல-வும் (35/32768) ÷ ந² என்ற அளவு தருகிறது. ல = 0 முதல் 1/ந²-களின் கூட்டுத்தொகை π²/2; அதில் ல = 0-இன் பங்கு 4. அதை எடுத்துவிட்டால்:

(35/32768) × (π²/2 − 4) = 0.000998

இரண்டையும் சேர்த்தால் 0.00291 ÷ ர. கார்ல் பெண்டரும் கிம்பல் மில்டனும் 1994-ல் வெளியிட்ட கணக்கிலிருந்து கிடைக்கும் துல்லியமான எண் 0.002817. கையில் பேனா மட்டும் வைத்துக்கொண்டு மூன்றரை சதவீதப் பிழைக்குள் வந்துவிட்டோம்.

மிச்சப் பிழையைப் போக்கக் கணினி வேண்டும். பைத்தானில் சைபை நூலகம் போதும். திருத்திய பெஸ்ஸல் சார்புகளை நேரடியாக அழைக்காதீர்கள். ய பெரிதானால் ஒன்று அளவு மீறும், மற்றது பூஜ்யமாகிவிடும். படிக்குறிக் காரணியை நீக்கிய வடிவங்கள் அதே நூலகத்தில் இருக்கின்றன. வ-வில் நீக்கிய காரணியும் த-வில் நீக்கிய காரணியும் பெருக்கும்போது தாமாகவே அடிபடும், நீங்கள் எதையும் திரும்பச் சேர்க்க வேண்டியதில்லை. ல = 10 வரை எண்முறையில் தொகையிட்டு, அதற்கு மேல் மேலே உள்ள 1/ந² தோராயத்தைப் போடுங்கள். ல-வை நூற்றுக்கணக்கில் ஏற்றுவதால் துல்லியம் கூடாது. கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிப்பதால் இலக்கங்கள் பறிபோகத்தான் செய்யும். நிரலின் ல = 0 விடை 0.001913 என்று வருகிறதா என முதலில் பாருங்கள். வராவிட்டால் மேலே போக வேண்டாம்.

படி 7: உள்ளே மட்டும் வேண்டுமென்றால்?

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடம்தானே எனக்கு வேண்டும், வெளியே எதற்கு?" வளைந்த சுவரில் இதற்கு விலை உண்டு. த-வை எடுத்துவிட்டால் ஒற்றைப்படை அடுக்குகள் அடிபடாமல் நிற்கும். குறிப்பாக 1/ந³ உறுப்பு, கூட்டும்போது 1/ந-களின் கூட்டுத்தொகையாக மாறும். அது மடக்கை வேகத்தில் முடிவிலிக்குப் போகும், ஸீட்டாவுக்கும் அங்கே மதிப்பில்லை. அதன் பொருள், விடையோடு "மட(ர × ஏதோ ஓர் அளவுகோல்)" என்ற உறுப்பு ஒட்டிக்கொள்ளும், அந்த அளவுகோலை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். தட்டையான தகடுகளில் இந்தத் தொல்லை இல்லை. வளைவுதான் இதைக் கொண்டுவருகிறது.

இயற்பியலில் இப்படி உள்பக்கத்தை மட்டும் எடுக்க வேண்டிய இடம் உண்மையிலேயே உண்டு. 1970-களின் நடுவில் வந்த எம்ஐடி பை மாதிரியில் குவார்க்குகள் ஒரு கோளப் பைக்குள் அடைபட்டிருக்கும்; வெளியே அவற்றின் புலம் கிடையாது. பூஜ்ய நிலை ஆற்றலை அவர்கள் "−1.84 ÷ ஆரம்" என்று வைத்தார்கள். அந்த 1.84 முதல் கொள்கையிலிருந்து வந்ததல்ல, ஹேட்ரான்களின் (குவார்க்குகளாலான துகள்களின்) நிறைக்குப் பொருத்தி எடுத்தது. அதுதான் நேர்மையான வழி என்பேன். உள்பக்கத்துக்கு மட்டும் ஓர் எண்ணைத் தருகிற கட்டுரை எதையாவது படித்தால், மடக்கை உறுப்பை என்ன செய்தார்கள் என்று முதலில் தேடுங்கள்.

படி 8: மின்காந்தப் புலம்

இப்போது பாயரின் கணக்குக்கு வரலாம். முழுநிறைவான கடத்தும் ஓட்டில் மின்காந்தப் புலத்துக்கு இரண்டு வகைப் பாங்குகள்: ஒன்றுக்கு நாம் பார்த்த டிரிஷ்லே நிபந்தனை, மற்றதற்கு வகைக்கெழு கலந்த நிபந்தனை. இரண்டையும் பெருக்கினால் ரான்ஸ்கியன் (வ, த இரண்டையும் அவற்றின் வகைக்கெழுக்களோடு இணைக்கும் தொடர்பு) உதவியால் அழகாகச் சுருங்கும். மடக்கைக்குள் 1 − க² என்று மட்டும் நிற்கும்; க என்பது (ய·வ·த) பெருக்கலின் ய-வைப் பொறுத்த வகைக்கெழு.

டெபை விரிவின் முதல் உறுப்பிலேயே க² ≈ ட⁶/4ந². தொகையிட்டால் ஒவ்வொரு ல-வும் (−3/64) ÷ ர தருகிறது, ல எதுவானாலும் அதே எண். மறுபடியும் 1 + 1 + 1 + …; ஆனால் மின்காந்த அலைக்கு ல = 0 கிடையாது, கூட்டல் ல = 1-ல் தொடங்குகிறது. முழுக் கூட்டுத்தொகை பூஜ்யம் என்றால், முதல் உறுப்பை விட்டால் −1. ஆகவே ஆற்றல் (+3/64) ÷ ர = 0.0469 ÷ ர. துல்லியமான விடை 0.04618 ÷ ர. ஒவ்வொரு பாங்கும் எதிர்க்குறியோடு வர, மொத்தம் நேர்க்குறியாவதற்கு இங்கே காரணம் இல்லாத ஒரு ல = 0 தான். 1978-ல் பாலியான்–டுப்லான்டியே ஒரு முறையிலும், மில்டன்–டெராட்–ஷ்விங்கர் இன்னொரு முறையிலும் இதையே உறுதி செய்தார்கள்.

எண்ணில் பார்த்தால் 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஓட்டுக்கு ஏறத்தாழ 0.009 எலக்ட்ரான்வோல்ட். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலே 0.026.

இதை அளக்க முடியுமா?

ஓட்டின் சொந்த ஆற்றலை அளந்தவர் யாருமில்லை. சுவருக்கு மிக அருகே ஆற்றல் அடர்த்தி முடிவிலியாக ஏறுகிறது என்பதை டாய்ச், கேண்டலஸ் இருவரும் 1979-ல் காட்டினார்கள்; உண்மையான உலோகத்தில் உயர் அதிர்வெண் அலைகள் சுவரை ஊடுருவிப் போய்விடும், தங்கத்துக்கு அந்த எல்லை சுமார் 9 எலக்ட்ரான்வோல்ட். ஆகவே "முழுநிறைவான ஓடு" என்பதே ஓர் இலட்சிய உருவம்.

அளக்க முடிவது இரண்டு தனிப் பொருள்களுக்கு இடையிலான விசை. அங்கே இத்தனை முடிவிலித் தொல்லையும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு பொருளின் சொந்த ஆற்றலும் இடைவெளியைச் சார்ந்திருக்காது. 1997-ல் லாமரோ முறுக்கு ஊசலைக் கொண்டும், 1998-ல் மொஹிதீனும் ராயும் அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டும் அளந்தது வளைந்த பரப்புக்கும் தட்டைத் தகட்டுக்கும் இடையிலான விசைதான். இரண்டு தகடுகளைத் துல்லியமாக இணையாக நிறுத்துவது பெரும்பாடு. வளைந்த பரப்பென்றால் அந்தக் கவலை இல்லை.

அவர்களின் அமைப்புக்கு முதல் மதிப்பீடு எளிது. இடைவெளி கோளத்தின் ஆரத்தைவிட மிகச் சிறிதானால், கோளத்தைச் சிறு சிறு தட்டைத் துண்டுகளாகக் கருதித் தகட்டு விடையைக் கூட்டலாம். 1934-ல் டெர்யாகின் தந்த தோராயம் இது. விசை = π³ × ஆரம் ÷ (360 × இடைவெளியின் கனம்), மாறிலிகளைத் திரும்பப் போட்டு. 100 மைக்ரோமீட்டர் ஆரம், 100 நானோமீட்டர் இடைவெளி என்றால் சுமார் 270 பிக்கோநியூட்டன். உண்மை உலோகத்தில் இதைவிடக் குறையும். இடைவெளி பெரிதானால் இந்தத் தோராயம் உதவாது. அப்போது 2007-ல் எமிக், கிரஹாம், ஜாஃபி, கர்தார் தந்த சிதறல் முறைக்குப் போங்கள். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அலை போய்த் திரும்புவதை ஓர் அணியாக எழுதி, அதன் அணிக்கோவையின் மடக்கையைக் கற்பனை அச்சில் தொகையிட வேண்டும். படி 2-ன் மட(1 − படி(−2ய)) அதன் ஒரு பரிமாண வடிவம்தான், ஆகவே நிரலை அங்கிருந்தே வளர்த்துக்கொண்டு போகலாம். சோதித்துப் பார்க்க ஓர் எண்: மிகத் தொலைவில் உள்ள இரண்டு சம கடத்துக் கோளங்களுக்கு ஆற்றல் −(143/16π) × ஆரத்தின் ஆறாம் அடுக்கு ÷ தொலைவின் ஏழாம் அடுக்கு.

ஓட்டுக் கணக்கிலேயே இன்னும் கொஞ்சம் பழக விரும்பினால் உருளையை எடுங்கள். கடத்தும் உருளை ஓட்டுக்கு, ஓர் அலகு நீளத்துக்கான ஆற்றல் −0.01356 ÷ ஆரத்தின் வர்க்கம். டெராட்டும் மில்டனும் 1981-ல் கண்டது. கோளத்துக்கு நேர்க்குறி, உருளைக்கு எதிர்க்குறி. இங்கே வரிசை எண்கள் முழு எண்கள், அவற்றில் பூஜ்யமும் ஒன்று. ந = 0-க்கு டெபை விரிவு செல்லாது, அதைத் தனியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும்.